தூளி அசைந்தால் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்

குல்சார் இயக்கி 1972இல் வெளிவந்த ‘கோஷிஷ்’ இந்திப் படத்தில் ஒரு மழை இரவு வரும். சஞ்சீவ் குமாரும் ஜெயா பாதுரியும் நடித்த அந்தக் கணவன் மனைவி இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது. அவர்கள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் கைக்குழந்தை தவழ்ந்து வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. கொட்டும் மழையில் அழுகிறது. பெற்றவர்கள் எழுந்திருக்கவில்லை, குழந்தை பிழைக்கவில்லை. அடுத்த குழந்தை பிறந்ததும் அதன் காதருகே கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பவே இல்லை. பதறியடித்து டாக்டரிடம் ஓடினால், குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, கிலுகிலுப்பையின் உள்ளேதான் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. சஞ்சீவ் குமாருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், குல்சாருக்குத் திரைக்கதைக்கான தேசிய விருதும் கிடைத்த படம் அது. ஐந்து வருடம் கழித்து, கமல்ஹாசனும் சுஜாதாவும் நடிக்க, ‘உயர்ந்தவர்கள்’ என்ற பெயரில் தமிழுக்கும் வந்தது.

பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்த இரவு, கைக்குழந்தை இருக்கும் காது கேளாத பெற்றோரின் வீட்டில் இன்றைக்கும் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பலர் தம்மைப் போலவே காது கேளாத ஒருவரைத்தான் மணக்கிறார்கள். சைகை மொழி தெரிந்த ஒருவரோடு வாழ்வதில் இருக்கும் நிம்மதி அப்படி. காதில் கருவி மாட்டிக்கொள்கிறவர்களும் தூங்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆகவே பகலில் ஓரளவு கேட்கிறவருக்கும் இரவில் ஒன்றும் கேட்காது.

குழந்தைக்கோ பெரும்பாலும் நன்றாகவே காது கேட்கும். காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குச் செவித்திறன் இயல்பாக இருக்கிறது. ‘அப்பா அம்மாவுக்குக் கேட்காது என்று குழந்தைக்கே தெரிந்துவிடும், அது அழாது’ என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. எரிக் லென்னபெர்க் என்ற மொழியறிஞர் இதை 1965லேயே ஆராய்ந்து பார்த்துவிட்டார். பிறந்த முதல் மூன்று மாதங்களில், காது கேளாத பெற்றோரின் குழந்தைகளும் கேட்கும் பெற்றோரின் குழந்தைகளும் அழுவதில் அவர் கண்ட வேறுபாடு ஒன்றுமில்லை. பச்சைக் குழந்தைக்குப் பசித்தால் அழத்தான் தெரியும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கவும், முகத்தைத் தன் பக்கம் திருப்பவும் கற்றுக்கொள்கிறது. அதுவரையிலான மாதங்களை எப்படிக் கடப்பது?

கயிறும் கையும்

கருவி எதுவும் இல்லாத காலத்தில் உலகம் முழுக்கக் காது கேளாத தாய்மார்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியான வழிகளைத்தான் கண்டுபிடித்தார்கள். குழந்தையின் நெஞ்சின் மீது கையை வைத்துக்கொண்டு படுப்பது. குழந்தையின் காலிலோ தொட்டிலிலோ ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. இரவில் இத்தனை முறை என்று கணக்கு வைத்து, சும்மாவேனும் எழுந்து பார்ப்பது.

நம் வீடுகளில் இதற்குத் தூளி கை கொடுத்தது. பழைய நூல் புடவையை உத்தரத்துக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்ட தூளி, மரத்தொட்டிலைப் போன்றதில்லை. குழந்தை உள்ளே காலை உதைத்தாலே துணி முழுவதும் அசையும். கயிற்றின் நுனி தாயின் கால் கட்டைவிரலில் இருந்தால், குழந்தை வாய் திறக்கும் முன்பே இழுப்பு வந்து எழுப்பிவிடும். பசியால் வரும் அழுகை பசியின் முதல் அறிகுறி இல்லை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி மார்பைத் தேடுவது, கையை வாயில் வைப்பது, நெளிவது எல்லாம் முதலில் வரும். கவனிக்க ஆளில்லாதபோதுதான் அழுகை. கண்ணாலேயே குழந்தையைக் கவனித்துப் பழகிய தாய், காது கேட்கும் தாயைவிட முன்னதாகவே இதைக் கண்டுகொள்வதும் உண்டு.

ஆனால் இந்த வழிகள் எல்லாமே தாயின் உடம்பைத்தான் கருவி ஆக்குகின்றன. பிரசவம் முடிந்து தையல்கூட ஆறாத ஒருத்தி, கண்ணை மூடினால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அரைத் தூக்கத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கிறாள். கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும், கூடவே படுத்திருப்பவர் சோர்வில் புரண்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்தும் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பவை. ‘நம் பாட்டிமார்கள் எல்லாம் இப்படித்தானே வளர்த்தார்கள்’ என்று சொல்லி இதை இப்படியே விட்டுவிடுவது நியாயம் இல்லை.

சொகுசுப் படகில் பிறந்த கருவி

குழந்தையைத் தூரத்தில் இருந்து கண்காணிக்கும் கருவியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1932இல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் குழந்தை தொட்டிலில் இருந்து கடத்திக் கொல்லப்பட்டது. நாடே அதிர்ந்தது. ஜெனித் ரேடியோ நிறுவனத்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டு, தன் சொகுசுப் படகில் தூங்கும் தன் மகளின் சத்தம் தனக்குக் கேட்க வேண்டும் என்று பொறியாளர்களிடம் ஒரு கருவி கேட்டார். 1937இல் அதற்குச் சிற்பி இசாமு நொகுச்சி பேக்கலைட்டில் முகமூடி போன்ற அழகிய உறை வடிவமைத்தார். ‘ரேடியோ நர்ஸ்’ என்று பெயரிட்டு விற்றார்கள்.

அந்த நர்ஸ் செய்த வேலை, ஓர் அறையின் சத்தத்தை இன்னோர் அறையின் காதுக்குக் கொண்டுபோனதுதான். காது கேளாதவர்களுக்கு அதனால் என்ன பயன்? அவர்களுக்கான கருவி பின்னாளில் வந்தது. தொட்டிலருகே ஒரு மைக். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் எழுந்தால் விளக்கு மின்னும். தலையணைக்கு அடியில் வைத்த வட்ட வில்லை ஒன்று அதிரும். அந்த வில்லைக்குள் இருப்பது ஒரு பக்கம் மட்டும் கனமான சக்கரம் கொண்ட சிறிய மோட்டார். பல செல்போன்கள் அதிர்வதும் இதே முறையில்தான். இது அதைவிடப் பல மடங்கு பலமாக அதிரும். சுவீடனின் பெல்மேன் அண்ட் சிம்ஃபான் போன்ற நிறுவனங்கள் இன்றும் இவற்றைத் தயாரிக்கின்றன. ஐரோப்பாவில் சில நாடுகளில் காது கேளாத பெற்றோருக்கு அரசே இதை வாங்கித் தருகிறது. நம் ஊரில் இறக்குமதி செய்ய வேண்டும்; ஒரு தொகுப்பின் விலை சாதாரணக் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தைத் தின்றுவிடும்.

மும்பையில் இருந்தும் ஒரு நல்ல முயற்சி புறப்பட்டது. ஜான்வி ஜோஷி, நுபுரா கிர்லோஸ்கர் என்ற இரண்டு இளம் பெண்கள், ‘ப்ளீடெக்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் காது கேளாதோருக்காகவே ‘ப்ளீ வாட்ச்’ என்ற கைக்கடிகாரத்தை வடிவமைத்தார்கள். வாசல் மணி, குழந்தையின் அழுகை போன்ற ஒலிகளைப் பிரித்தறிந்து அதிர்வாகவும் நிறமாகவும் மணிக்கட்டில் காட்டும் யோசனை அது. காது கேளாதவர்களோடு உட்கார்ந்து, அவர்களிடம் கேட்டுக் கேட்டு உருவாக்கிய பொருள் என்பதாலேயே அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. பிறகு அந்த நிறுவனம் சைகை மொழிக் காணொளிகளிலும் இறங்கியது. ஆனால் இப்படி ஒரு கடிகாரம், பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும் காது கேளாத தாய் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கும் பொருளாக இன்னும் ஆகவில்லை.

கையில் இருக்கும் போன்

மாற்றம் வந்தது 2020இல். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோனில் ஒலிகளை அடையாளம் காணும் வசதியைச் சேர்த்தது. அடுத்த மாதமே கூகுள் ஆண்ட்ராய்டு போன்களுக்கு ‘சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்ற வசதியைத் தந்தது. குழந்தையின் அழுகை, கதவு தட்டும் சத்தம், தீ எச்சரிக்கை, தண்ணீர் ஓடும் சத்தம் என்று சிலவற்றைப் போனே கேட்டு, அதிர்வாலும் கேமரா விளக்கின் மின்னலாலும் சொல்லிவிடும். இரண்டும் இணையம் இல்லாமலே போனுக்குள் இயங்குபவை. வீட்டுச் சத்தம் எங்கேயும் போவதில்லை. கூகுளில் பேச்சை எழுத்தாக்கும் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் திமித்ரி கனெவ்ஸ்கி. குழந்தைப் பருவத்திலேயே செவித்திறனை இழந்த விஞ்ஞானி அவர். ஒலி எச்சரிக்கையும் இப்போது அந்தச் செயலியோடு சேர்ந்தே இலவசமாகக் கிடைக்கிறது.

அழுகையை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பச்சைக் குழந்தையின் அழுகை பெரியவர்களின் பேச்சைவிட உயர்ந்த சுருதியில், விநாடிக்கு 400, 500 அதிர்வுகளை ஒட்டி ஒலிக்கும். அதோடு ஒரு தாளமும் உண்டு: நீளமாக ஓர் அழுகை, வெடுக்கென்று ஒரு மூச்சு, மறுபடி அழுகை. ஆயிரக்கணக்கான அழுகைகளைக் கேட்க வைத்துப் பழக்கினால் மென்பொருள் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அரியானா ஆண்டர்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். அழுகையின் காரணத்தையே ஊகித்துச் சொல்லும் ‘சாட்டர்பேபி’ என்ற இலவசச் செயலியை 2018இல் வெளியிட்டார். காது கேளாத பெற்றோரை மனத்தில் வைத்துத் தொடங்கிய வேலை அது. வலியால் வரும் அழுகை எப்படி இருக்கும் என்று மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க அவர் பயன்படுத்தியவற்றில், தடுப்பூசி போடும்போதும் காது குத்தும்போதும் பதிவு செய்த அழுகைகள் இருந்தன. மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் நம் ஊரில் அந்த அழுகையின் மாதிரிக்கா பஞ்சம்!

கையில் காசில்லாத குடும்பமும் இன்றைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். போனைக் குழந்தையின் அருகே, கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். போனின் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குள் போய் ஒலி எச்சரிக்கையை இயக்கி, குழந்தையின் அழுகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் உடற்பயிற்சிப் பட்டை ஒன்றை அதோடு இணைத்து அம்மா கையில் கட்டிக்கொள்ளலாம். போனில் வரும் எச்சரிக்கை மணிக்கட்டில் அதிரும். இதில் இரண்டு விஷயம் முக்கியம். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பல மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தது, வாட்ஸ்அப் முதலான மற்ற அறிவிப்புகள் பட்டைக்கு வராதபடி தடுக்க வேண்டும். குடும்பக் குழுவின் குட்மார்னிங் படங்களுக்கெல்லாம் கை அதிர்ந்தால், நாலாவது நாளே அம்மா பட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவாள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் வைப்பதோ கூடவே கூடாது, சூடாகும்.

இதையே நம்பி நிம்மதியாகத் தூங்கலாமா? ஆப்பிளே கூடாது என்கிறது. ஆபத்தான, அவசரமான நேரங்களில் இந்த வசதியை நம்பியிருக்க வேண்டாம் என்று தன் திரையிலேயே எழுதி வைத்திருக்கிறது. பட்டையின் மெல்லிய அதிர்வுக்கு, களைத்துப்போன உடம்பு எழாமலும் போகலாம்.

செம்பூர், மாட்டுங்கா, தாராவி

இந்தக் கருவிகளை எல்லாம் வடிவமைத்தவர்களின் மனத்தில் ஒரு வீடு இருக்கிறது. குழந்தைக்குத் தனி அறை, சாத்திய கதவு, அமைதியான தெரு, நிற்காத மின்சாரம், கட்டில், மெத்தை. மும்பைத் தமிழர்கள் வாழும் மூன்று பேட்டைகளில் அவற்றைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம்.

செம்பூரில் செட்டாநகர் முருகன் கோயிலைச் சுற்றிய அடுக்குமாடி வீடுகளில் அந்தக் கற்பனை ஓரளவு பொருந்தும். வைஃபை கேமரா, ஸ்மார்ட் வாட்ச், தலையணை அதிர்வி எல்லாம் வேலை செய்யும். மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் தாத்தா, பாட்டி உடன் இருப்பார்கள். அங்கே சிக்கல் கருவியில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாராவிக்கு வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான இடத்தில் பத்து லட்சம் பேர் அளவில் வாழ்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக இருக்கும் தொண்ணூறடிச் சாலையின் உள் சந்துகளில், பத்துக்குப் பத்து அறைதான் பலருக்கு வீடு. அறைக்கும் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவரோ தகரமோதான். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் இந்த வீட்டுப் போன் அதிரும். எதிரே தையல் மெஷின் ஓடும், கீழே தோல் அடிப்பார்கள், கணபதி விழா வந்தால் பத்து நாளைக்கு எந்த மைக்குக்கும் எதுவும் புரியாது. அழாத குழந்தைக்கு ஐந்து தடவை எழுப்பிவிட்டு, ஆறாவது தடவை நிஜமாகவே அழும்போது அம்மா எழாமல் போனால், கருவி இருந்து என்ன லாபம்?

படுக்கையும் அப்படித்தான். கட்டிலை அதிர வைக்கும் கருவி, சிமெண்ட் தரையில் பாய் விரித்துப் படுப்பவரிடம் தோற்றுப்போகும். தலையணைக்கு அடியில் மட்டும்தான் அதற்கு வேலை. மேலே பலகை போட்ட மாலாவில் படுப்பவர்களுக்கு மட்டும் மரம் அதிர்வைக் கொஞ்சம் கடத்தும். விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் வரும் சில மணி நேரத்தில் குடத்தோடு ஓடவேண்டும், பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கவேண்டும். புளூடூத் பத்து மீட்டர் தாண்டினால் அறுந்துவிடும். இரண்டு சுவர் குறுக்கே வந்தால் அதுவும் இல்லை. அந்த நேரங்களில் அக்கம்பக்கத்து அக்காமார்தான் காது. வீட்டுக்குள் வந்து விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டுக் கூப்பிடுவதும், ஓடிவந்து தோளைத் தொட்டுச் சொல்வதும் காது கேளாதவர்கள் குடியிருக்கும் சந்துகளின் மரியாதை. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எந்த அக்கா வருவாள்?

தாராவிக்கு வேண்டிய கருவிக்கான குறிப்பு தூளியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சத்தம் பொதுச்சொத்து, யார் வீட்டுக்குள்ளும் நுழையும். தூளியின் அசைவு அந்தக் குழந்தைக்கு மட்டுமே உரியது. தூளிக் கயிற்றில் கட்டைவிரல் அளவு ஓர் அசைவு உணரி. அம்மாவின் மணிக்கட்டில் பலமாக அதிரும் ஒரு பட்டை. நடுவே சந்தைத் தாண்டிக் குழாயடி வரை போகும் வானொலி அலை. அசைவும் அழுகையும் ஒன்றாக வந்தால் மட்டும் எழுப்ப வேண்டும். மின்விசிறிக் காற்றில் ஆடும் தூளிக்கும், பக்கத்து வீட்டு அழுகைக்கும் சும்மா இருக்க வேண்டும். இந்த அசைவு உணரி இன்று ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்குள்ளும் இருக்கும் சில்லுதான். கிராண்ட் ரோடு பக்கத்தில் லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் இதற்கான பாகங்களைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ‘ஸ்மார்ட் தொட்டில்’ என்று இறுதியாண்டுத் திட்டங்கள் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அவை அலமாரிக்குப் போய்விடுகின்றன. ஒரு காது கேளாத தாயின் வீட்டில் ஒரு மாதம் வைத்துச் சோதித்துப் பார்த்தால், அவற்றில் ஒன்றாவது பிழைக்கும்.

‘நீ தூங்கு, குழந்தையை நான் பார்த்துக்கிறேன்’

மாட்டுங்காவில் பாக்கி வைத்த சிக்கலுக்கு வருகிறேன். பாட்டி உடன் இருக்கும் வீட்டில் கருவி எதற்கு என்றுதான் முதலில் தோன்றும். குழந்தை அழுதால் பாட்டி எழுந்துவிடுவார், தூக்கிக்கொள்வார், பாலுக்கு மட்டும் மருமகளை எழுப்புவார். அன்பினால் செய்வதுதான். ஆனால் நாளாக ஆக, குழந்தையின் பசி, தூக்கம், வயிற்றுவலி எல்லாம் பாட்டிக்குத் தெரிந்த விஷயங்களாகி, பெற்றவள் பால் கொடுக்கிறவளாக மட்டும் ஒதுங்கிவிடுகிறாள். ‘அவளுக்குக் காது கேக்காதில்ல, குழந்தை எங்ககிட்டயே இருக்கட்டும்’ என்று ஊருக்குக் கொண்டுபோய் வளர்ப்பதும் நடக்கிறது. டாக்டரிடம் போனால் டாக்டர் பாட்டியைப் பார்த்துப் பேசுவார்; பள்ளியில் சேர்த்தால் ஆசிரியை மாமாவுக்குப் போன் செய்வார். அம்மாவோடு பேசச் சைகை தேவை என்பதே தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்துவிடும். ஒரே வீட்டில் இருந்தும் தாயும் பிள்ளையும் அந்நியர் ஆவார்கள். அந்தத் தாயே சின்ன வயதில் தமிழ் பேசும் வீட்டில் இருந்து மராத்தியோ இந்தியோ சொல்லித்தரும் காது கேளாதோர் பள்ளிக்குப் போனவளாக இருந்தால், பாட்டியோடும் அவளுக்குப் பொதுமொழி இருக்காது.

காது கேளாத தாயிடம் வளரும் குழந்தை எதையும் இழப்பதில்லை என்பதற்கு அறிவியல் சாட்சி இருக்கிறது. கனடாவில் லாரா பெட்டிட்டோ 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், சைகை மொழி புழங்கும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதைக் காட்டினார். மற்றக் குழந்தைகள் ‘ம்மா, ப்பா’ என்று வாயால் மழலை பேசும் அதே பருவத்தில், இந்தக் குழந்தைகளின் விரல்கள் சைகையின் துண்டுகளைத் திரும்பத் திரும்பப் போடுகின்றன. சைகை கற்பதால் பேச்சு கெட்டுப்போகும் என்ற பயம் வீண். பாட்டியிடம் தமிழ், அம்மாவிடம் சைகை என்று இரண்டும் வரும். மும்பையில் வளரும் பிள்ளைக்கு இந்தியும் மராத்தியும் தாமாகவே வந்துசேரும்.

ஆகவே இந்தக் கருவியை ஒரு எச்சரிக்கை மணியாக மட்டும் நான் பார்க்கவில்லை. ராத்திரி குழந்தை அழும்போது முதலில் எழுந்து போகிறவள் அதைப் பெற்றவளாக இருப்பதற்கு அது வழி செய்கிறது. கணவன் கையிலும் ஒரு பட்டை இருந்தால் அவனும் எழுந்திருக்கலாம்; காது கேளாதது அவனுக்குச் சாக்காக வேண்டாம்.

பட்டியலில் வாசல் மணி இருக்கிறது

இது தயவில் கேட்கும் உதவி இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்று உறுதி செய்தது. அதன் 23ஆவது பிரிவு, பெற்றோரின் உடற்குறையைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளை வளர்ப்பதற்குத் தேவையான உதவியை மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதைப் பின்பற்றி வந்த நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்கள் தம் குழந்தைகளை வளர்ப்பதற்கான ஆதரவைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் சேர்க்கச் சொல்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981இல் இருந்து நடக்கிறது. குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குக் காது கருவிகள் இதில் கிடைக்கும். குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவைக்கும் லட்சக்கணக்கில் உதவி உண்டு. காது கேளாதோருக்கான கருவிகளின் பட்டியலில் எச்சரிக்கைக் கருவிகளும் இடம் பெறுகின்றன: தொலைபேசி, தொலைக்காட்சி, வாசல் மணி, நேர அலாரம் முதலியவற்றுக்கானவை. வாசலில் வந்து நிற்பவரின் மணியைப் பெயர் சொல்லிச் சேர்த்தவர்களுக்கு, வீட்டுக்குள் அழும் குழந்தை நினைவுக்கு வரவில்லை. பட்டியலை எழுதியவர்கள் காது கேளாதவர்களை மாணவராக, ஊழியராக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்; தாயாகவும் தகப்பனாகவும் நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ‘முதலியவை’க்குள் குழந்தைக் கண்காணிப்புக் கருவியையும் சேர்த்து, பெயர் சொல்லி எழுத வேண்டும். ஒரு சுற்றறிக்கை போதும்.

இதைச் செய்ய மும்பையை விடப் பொருத்தமான ஊர் இல்லை. காது கேளாதோருக்கான இந்தியாவின் முதல் பள்ளி 1880களில் தொடங்கியது இங்கேதான். 1983இல் நிறுவப்பட்ட அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கிறது. தாராவியில் இருந்து மாஹிம் கழிமுகத்தைத் தாண்டினால் வந்துவிடும். தாராவிப் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் போவது சயான் மருத்துவமனைக்கு. 1989இல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய இடம் அது. அவரே பின்னர் 1999இல் நிறுவிய ‘ஸ்நேஹா’ அமைப்பு, இன்றும் தாராவிச் சந்துகளில் தாய்சேய் நலத்துக்காக வேலை செய்கிறது. பாந்த்ராவில் கருவிகளைப் பற்றிய அறிவு இருக்கிறது, சயானில் தாய்மார்கள் இருக்கிறார்கள், சந்துக்குச் சந்து போகும் சுகாதாரத் தொண்டர்களும் இருக்கிறார்கள். காது கேளாத தாய் பிரசவ வார்டில் இருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில், தடுப்பூசி அட்டையோடு ஒரு அதிர்வுப் பட்டையையும் கொடுத்து, அதைக் கட்டும் விதத்தைச் சைகை மொழிக் காணொளியில் காட்டி அனுப்ப இவர்கள் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

அரசு அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை ஒன்று வாசகர்களுக்கு இருக்கிறது. உங்கள் சால் குடியிருப்பிலோ கட்டிடத்திலோ காது கேளாத தம்பதி இருந்து, வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், அவர்கள் போனில் அந்த ஒலி எச்சரிக்கை வசதியை ஒருமுறை இயக்கிக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால், ‘அடிப்’ முகாமுக்கு அவர்களோடு போய், எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க உதவுங்கள். விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டம் வரும். அங்கே ‘குழந்தை வளர்க்க’ என்று எழுதுங்கள்.